சந்தையில் எல்லோருக்கும் இடமுண்டு
ஆம்பூர், வேலூர் தோல் ஊர்களின் பண்டிகைச் சாப்பாடு யார் கையால் உருவாகிறது, யார் இலைக்குப் போகிறது?

திங்கட்கிழமை கே.வி.குப்பம், செவ்வாய்க்கிழமை பொய்கை, வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர். வேலூர் மாவட்டத்துக் கால்நடை வியாபாரிக்கு வாரம் இப்படித்தான் ஓடுகிறது. கே.வி.குப்பமும் ஒடுகத்தூரும் ஆட்டுக்குப் பேர் போனவை, பொய்கை மாட்டுக்கு. பொழுது விடிவதற்குள் மினி லாரிகள் வந்து வரிசை கட்டிவிடும். வாயைப் பிடித்துத் திறந்து பல் பார்ப்பார்கள், முதுகை அழுத்திக் கொழுப்புப் பார்ப்பார்கள். விலை படியாமல் பத்தடி நடந்தவரைக் கூப்பிட்டு மறுபடி பேசுவார்கள்.

இந்தப் பக்கத்தில் எந்த மதத்துக்கு எப்போது பண்டிகை என்று அறியக் காலண்டரைப் புரட்ட வேண்டாம். சந்தையில் ஆட்டு விலையைக் கேட்டால் போதும். ரம்ஜானுக்கு முந்தைய வாரம் ஏறும். பக்ரீத்துக்கு உச்சத்தில் நிற்கும். ஆடி மாதம் அம்மன் கோயில்களுக்குக் காப்புக் கட்டினால் கிடாய்க்குக் கிராக்கி. புரட்டாசி பிறந்ததும் பாதி ஊர் கறியை விட்டுவிடும், விலை சரியும். அந்த ஒரு மாதம் காத்திருந்த வியாபாரியைத் தீபாவளி வந்து தூக்கிவிடும். கிறிஸ்துமஸும் பொங்கலும் அடுத்தடுத்து வரும்.

பக்ரீத் கிடாயை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்து இந்துக் குடும்பங்கள். குர்பானி கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கொம்பு உடைந்திருக்கக் கூடாது, கண்ணில் காலில் குறை இருக்கக் கூடாது என்ற விதிகள் வாங்குபவருக்குத் தெரிந்த அளவுக்கு விற்பவருக்கும் தெரியும். தெரியாவிட்டால் விலை போகாது. அடுத்தவர் மார்க்கத்தை மதிக்கச் சொல்லி யாரும் இவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. சந்தை கற்றுக்கொடுத்தது.

வேலூர் என்றதும் எல்லோரும் கோட்டையைக் காட்டுவார்கள். ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம் என்று ஒற்றுமைக்கு அதைவிட வசதியான படம் கிடையாது. ஆனால் அந்தக் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, 1981-ல்தான் மறுபடி பிரதிஷ்டை நடந்தது. மசூதியிலோ இன்றும் தொழுகை இல்லை. கல்லும் சுண்ணாம்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம், அதனால் மனிதர்கள் கலந்துவிட்டார்கள் என்று ஆகாது. இங்கே மனிதர்கள் கலந்த இடம் அகழிக்கு வெளியே இருக்கிறது. லாங்கு பஜாரில், நேதாஜி மார்க்கெட்டில், மண்டி வீதியில், பாலாற்றங்கரைச் சந்தைகளில் தேட வேண்டும்.

கறி ஒரு வழி, தோல் ஒரு வழி

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டி மேற்கே போகும் இந்த ஊர்களை நிர்வாக வரைபடம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரித்துவிட்டது. தொழில் இன்னும் ஒன்றுதான். டேனரியும் ஷூ கம்பெனியும் இந்த ஊர்களைச் சேர்த்துத் தைத்திருக்கின்றன.

வெட்டிய ஆட்டின் கறி அடுப்புக்குப் போகிறது. தோல் உப்புத் தடவித் தோல் மண்டிக்குப் போகிறது. இங்கே பதனிடும் தோலில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்து வருவது என்றாலும், தொழிலின் அடிப்படைக் கணக்கு இதுதான்: எங்கே கறி தின்கிறார்களோ அங்கேதான் தோல் கிடைக்கும். பக்ரீத் முடிந்த மூன்று நாளில் தோல் மண்டிகள் நிரம்பி வழிவது அதனால். குர்பானித் தோலை விற்ற பணம் மதரஸாக்களுக்கும் ஏழைகளுக்கும் போவது வழக்கம். சில ஆண்டுகளாக ஆட்டுத் தோல் விலை படுத்துவிட்டதால் அந்த வருமானமும் படுத்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது, இந்தப் பகுதிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நேர்வழி திறந்தது. வியாபாரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் முன்னால் நின்றன. ஈரத் தோலைச் சுமந்து, சதை சீவி, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கைகளில் தலித் மக்களின் கைகள் அதிகம். சம்பாதித்ததில் ஒரு பங்கு படிப்புக்குப் போனது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது. மேல்விஷாரத்தில் பிறந்த தோல் வணிகர் சி.அப்துல் ஹக்கீம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே வழிப்போக்கர்களுக்குச் சித்திக் சராய் கட்டிக் கொடுத்தார். சொந்த ஊரில் அவர் பெயரில் 1965-ல் கல்லூரி எழுந்தது.

இன்று காலை ஷிஃப்ட் நேரத்தில் ஆம்பூர் சாலைகளில் நின்றால், கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குபவர்களில் பெரும்பான்மை பெண்கள். தமிழ் பேசுபவர், உருது பேசுபவர், தெலுங்கு பேசுபவர் என்று ஒரே தையல் வரிசையில் உட்காருகிறார்கள். மதியம் டிபன் பாக்ஸ் திறந்தால் ஒருத்தி டப்பாவில் கேழ்வரகுக் களி, ஒருத்தியிடம் தாளிச்ச சோறு, இன்னொருத்தியிடம் நேற்றைய பண்டிகையின் மிச்சம். இந்த வட்டாரத்துப் பண்டிகைப் பலகாரம் மதம் தாண்டுவது பெரும்பாலும் இப்படி, வேலை செய்யும் இடத்தில்.

வடித்துச் சேர்த்த சோறு

ஆம்பூரைத் தாண்டும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பிரியாணிப் பலகைகளை எண்ணிக்கொண்டு போனால் தலை சுற்றும். அந்தப் பலகைகளில் பழைய பெயர் ஸ்டார் பிரியாணி. 1890 என்ற ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் கடை அது. ஆற்காடு நவாபின் சமையற்கட்டில் பழகிய பேக் குடும்பத்தின் கைப்பக்குவம் ஆம்பூருக்கு வந்து கடையாக மாறியது என்பது தலைமுறைகளாக ஊர் சொல்லிவரும் வரலாறு.

நவாபுக்கும் இந்த ஊருக்கும் வேறொரு கணக்கும் உண்டு. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூரில் நடந்த போரில்தான் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். சந்தா சாகிபும் முஸபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் ஒரு பக்கம், நவாப் மறுபக்கம். கர்நாடகப் போர்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்த சண்டைகளில் ஒன்று அது. நவாபுகளின் அரசு போய்விட்டது. அவர்கள் பெயரைச் சொல்லும் சமையல் மட்டும் ஊர் ஊராகத் தங்கிவிட்டது. ஆற்காட்டில் அது இனிப்பாக இருக்கிறது: கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி பாதாம் வைத்துப் பொரித்து, பாகில் ஊறவிட்ட மக்கன் பேடா. குலாப் ஜாமூன் என்று நினைத்து வாயில் போடுபவர் உள்ளே பருப்பு கடிபட்டதும் திரும்பிப் பார்ப்பார்.

ஆம்பூர் பிரியாணியில் மசாலா குறைவு. பட்டை, லவங்கம், ஏலக்காயோடு நிறுத்திக்கொள்வார்கள். காரத்துக்குப் பச்சை மிளகாயை நம்புவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறமும் உறைப்பும் கொடுக்கிறது. இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, தயிர், புதினா, கொத்தமல்லியோடு கறி தனியாக வேகும். சீரகச் சம்பா அரிசி பக்கத்து அடுப்பில் அரைவேக்காடு வெந்து, கஞ்சி வடித்து, பிறகுதான் கறியோடு சேரும். மூடி போட்டு, மேலே கங்கு அள்ளி வைத்துத் தம் விடுவார்கள். கறியும் தண்ணீரும் கொதிக்கும்போதே அரிசியைக் கொட்டும் ஊர்களிலிருந்து ஆம்பூர் பிரிவது இந்த வடிப்பில்தான். வடிக்கும் நொடி தவறினால் சோறு குழைந்துவிடும். அந்த நொடி தெரிந்தவரைத்தான் பிரியாணி மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், சம்பளமும் கொடுப்பார்கள்.

கல்யாணமோ பெருநாளோ, பிரியாணி இங்கே ஆளுக்கு ஒரு தட்டாக யோசிக்கப்படுவதில்லை. எத்தனை படி அரிசி, எத்தனை தேக்சா என்பதுதான் பேச்சு. கறி வாங்க முடியாத அன்றைக்குக் குஸ்கா இருக்கிறது. பிரியாணி வெந்த அதே சோறு, துண்டு மட்டும் இருக்காது. கூலி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் குஸ்காவும் கூலி நாளில் பிரியாணியும் வாங்கும் தொழிலாளியை அந்தத் தெருக் கடைக்காரர் அறிவார்.

தொட்டுக்க கத்தரிக்காய்

பிரியாணியோடு வரும் கத்தரிக்காய் தொக்கை வெளியூர்க்காரர் பலர் ஒதுக்கி வைப்பார்கள். உள்ளூர்க்காரர் அதைத்தான் இரண்டாவது முறை கேட்பார். புளி, எள், வேர்க்கடலை என்று வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். எண்ணெயில் சுருள வதங்கிய காய் என்பது மட்டும் மாறாது.

வேலூர் மாவட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு கத்தரிக்காய் உண்டு. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய். காம்பிலும் இலையிலும் முள், பறிக்கும்போதே விரலைக் குத்தும். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாயோடு சேர்ந்து இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்து விவசாயி விளைவிக்கும் காய் முஸ்லிம் கல்யாணப் பந்திக்குப் போவதை யாரும் செய்தியாக நினைப்பதில்லை. ஆனால் அந்தக் கல்யாண சீசனை நம்பித்தான் விவசாயி நாற்று விடுகிறார்.

கஞ்சிக் குவளை

ரம்ஜான் மாதத்தில் இந்த ஊர்கள் பகலில் சோம்பிக் கிடந்து மாலையில் எழுகின்றன. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் பெரிய தேக்சாக்களில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, புதினா. நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அடுத்த நொடியே பிரியாணி ஏறாது, கஞ்சி ஏறும். தமிழக அரசு ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் முழுக்கச் சுமார் 3,000 பள்ளிவாசல்களுக்கு ஆயிரக்கணக்கான டன் பச்சரிசி கொடுப்பது இந்தக் கஞ்சிக்குத்தான்.

தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால், நோன்பு வைத்தவர்கள் மட்டும் நிற்பதில்லை என்பது தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும் தாய் நிற்பார், எதிர்க்கடைப் பையன் நிற்பான். வெளியே சமோசா, வடை, பேரீச்சம்பழம், தர்பூசணித் துண்டு என்று தள்ளுவண்டிகள் முளைக்கும். அந்த வண்டிக்காரர்களிலும் எல்லா மதத்தவரும் உண்டு. பெருநாள் அன்று உருது பேசும் வீடுகளில் ஷீர் குர்மா: சேமியா, பால், பேரீச்சம்பழம், பாதாம், நெய். சைவ நண்பர் வந்தால் தனிப் பாத்திரத்தில் சமைத்து வைப்பதும், கறி வீட்டுப் பாத்திரத்தில் சாப்பிடாதவருக்குச் சாமான்களாகவே வாங்கிக் கொடுத்துவிடுவதும் இங்கே பழகிப்போன மரியாதை. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் எதிர்த்திசையில் போகும். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் கேக்கும் மூன்றாவது திசையிலிருந்து வரும். 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வேலூர் வட்டாரத்தில் விட்டுப்போன திருச்சபைகளும், ஆம்பூரில் லூத்தரன் மிஷன் விட்டுப்போன பள்ளியும் மருத்துவமனையும் அந்தத் திசைக்கு முகவரி.

ஆற்றங்கரையில் வீசிய சுண்டல்

மகா சிவராத்திரிக்கு மறுநாள் வேலூர் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் வேடம் கட்டியவர்கள் வீதி வீதியாக வர, தேர்கள் சுடுகாட்டை நோக்கி நகரும். வேண்டிக்கொண்டவர்கள் சுண்டலையும் கொழுக்கட்டையையும் காய்கறி பழத்தையும் சில்லறைக் காசையும் கூட்டத்தின்மேல் வாரி இறைப்பார்கள். கையில் விழுந்ததை மடியில் கட்டிக்கொள்வார்கள். இலை இல்லை, பந்தி இல்லை, யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வியும் இல்லை. யார் கைக்கு எட்டுகிறதோ அவருக்குப் பிரசாதம்.

சித்ரா பௌர்ணமி இரவில் வேலூரின் கோயில்களிலிருந்து புஷ்பப் பல்லக்குகள் புறப்பட்டு மண்டி வீதியில் கூடும். பகலில் மூட்டை இறக்கும் வீதி இரவில் பூவாலும் பலகாரக் கடைகளாலும் நிறையும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசைச் சுமந்து வரும் ஊர்வலத்துக்குச் சுற்று வட்டாரமே திரளும். வழி நெடுக நீர்மோரும் பானகமும் கிடைக்கும். ஆடியில் ஊருக்கு ஊர் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். யுகாதிக்குத் தெலுங்கு பேசும் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி.

தை பிறந்தால் கிராமங்களில் எருது விடும் விழா. ஜல்லிக்கட்டு வேறு, இது வேறு. இங்கே மாட்டை யாரும் அணைவதில்லை. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடிய காளைக்குப் பரிசு. அந்தக் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டி வளர்ப்பவரும், ஞாயிற்றுக்கிழமை பீஃப் பிரியாணி வாங்கச் சாலைக்குப் போகிறவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். சில வேளை இருவரும் ஒருவரே. மாடு என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான் என்று தூரத்தில் இருப்பவர்கள் சொல்லலாம். உழவுக்கும் ஓட்டத்துக்கும் பாலுக்கும் தோலுக்கும் கறிக்கும் மாட்டை நம்பிய ஊர் அப்படிச் சொல்லாது.

காந்தி ரோட்டில் கடுகு எண்ணெய்

வேலூருக்கு ஒரு நூற்றாண்டாக வரும் விருந்தாளிகள் பண்டிகைக்காக வருவதில்லை, நோய்க்காக வருகிறார்கள். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் ரயிலேறுகிறார்கள். வாரக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால் காந்தி ரோட்டுப் பக்கத்து லாட்ஜுகளில் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. மக்கான் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுபவர்களில் வங்காளம் பேசுபவர்கள் கணிசம். கடைப் பலகைகளில் வங்க எழுத்து, மெஸ்களில் கடுகு எண்ணெய் மணக்கும் மீன் குழம்பு, பில் போடும் தமிழ்ப் பையன் வாயில் சரளமான வங்காளம்.

வேலூருக்கும் வங்கத்துக்கும் இடையிலான இந்த வழித்தடம் புதிதன்று, திசைதான் மாறியிருக்கிறது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை வெள்ளையர்கள் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து மைசூர்க்காரர்கள் பெருந்திரளாக வந்து வேலூரில் குடியேறினார்கள். 1806 ஜூலை 10-ல் வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின், இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் இளையவரான குலாம் முகமது 1842-ல் தர்மதாலாவில் கட்டிய திப்பு சுல்தான் மசூதி இன்றும் கொல்கத்தாவின் அடையாளம். உருளைக்கிழங்கு போட்ட பிரியாணியைத் தின்று வளர்ந்த கொல்கத்தாக்காரர், அப்பாவின் ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் சீரகச் சம்பா பிரியாணியை வாங்கி, உருளைக்கிழங்கு எங்கே என்று தேடுகிறார். துர்கா பூஜை நாளில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் விழுந்தால், அவருடைய பண்டிகைச் சமையல் லாட்ஜின் பொது அடுப்பில்தான். பக்கத்து அடுப்பில் அசாம்காரர் இருப்பார். தேங்காய் எங்கே சகாயம் என்று சொல்வது லாட்ஜ் கூட்டும் உள்ளூர் அம்மாவாக இருக்கும்.

ஆற்றின் பங்கு

இவ்வளவு ருசிக்கும் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அது பாலாறு. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுமையாக முடித்த தோலும் ஷூவும் ஏற்றுமதியாகட்டும் என்பது நோக்கம். அந்நியச் செலாவணி வந்தது, வேலை வந்தது. கூடவே குரோமியக் கழிவும் பெருகியது. கிணற்று நீர் உப்பேறியது, நிலங்கள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக நிறுத்தியது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடி தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளி.

இந்தக் கணக்கைப் பண்டிகைக் கட்டுரையில் ஏன் எழுத வேண்டும்? கத்தரிக்காய்க்கும் கேழ்வரகுக்கும் ஆட்டுத் தீனிக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும். கோயில் கூழும் பள்ளிவாசல் கஞ்சியும் கொதிப்பது அந்தத் தண்ணீரில்தான். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஊர், எல்லோரும் சேர்ந்து இழந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

மேடை ஏறாத பிரியாணி

2022 மே மாதம், ஆம்பூர் வர்த்தக மையத்தில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. தேதி 13, 14, 15. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். ஊர்ப் பெருமைக்கு அரசு முத்திரை விழப்போகிறது என்று கடைக்காரர்கள் மகிழ்ந்த வேளையில் ஒரு விவரம் வெளியானது: ஆடு உண்டு, கோழி உண்டு, பீஃப் பிரியாணிக்கு இடமில்லை.

எதிர்ப்புக் கிளம்பியது. விழா வளாகத்துக்கு வெளியே பீஃப் பிரியாணியை இலவசமாகவே கொடுப்போம் என்று அரசியல் கட்சிகளும் அமைப்புகளும் அறிவித்தன. இரு தரப்பு மனமும் புண்படாமல் இருக்க மாட்டையும் பன்றியையும் தவிர்த்தோம் என்பது நிர்வாகத் தரப்பின் நியாயம். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அதை ஏற்காமல், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது.

நிர்வாகத்தின் அச்சத்தை முழுக்கப் புறந்தள்ளவும் முடியாது. 2015 ஜூனில் இதே ஆம்பூர் ஒரு போராட்டத்தில் வன்முறையையும் தீவைப்பையும் பார்த்த ஊர். நெருப்புக் கண்ட அதிகாரிகள் வம்பில்லாத மெனுவைத் தேடுவது புரிகிறது. ஆனால் வம்பில்லாத மெனு என்று ஒன்றில்லை. ஆட்டுக்கறி சைவருக்கு ஆகாது, அவரை யாரும் கேட்கவில்லை. மாட்டுக்கறி சிலருக்கு ஆகாது, அவர்களை மட்டும் கேட்டார்கள். ஆகாதவரை எண்ணிய நிர்வாகம், அதுவே ஞாயிற்றுக்கிழமைக் கறி என்று வாழ்பவர்களை எண்ணவில்லை. தோல் தொட்டியில் தலைமுறையாக இறங்கியவர்களின் தட்டு அதில் இருந்தது. ஆட்டுக்கறி வாங்க இயலாத முஸ்லிம் குடும்பங்களின் தட்டும் இருந்தது. ஆம்பூர் பிரியாணி என்ற பெயரைச் சென்னைத் தெருக்கள் வரை கொண்டுபோனதில் பீஃப் பிரியாணி அண்டாக்களுக்கும் பங்குண்டு. சட்டமும் தடையாக நிற்கவில்லை. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை உரிய சான்றிதழோடு அறுக்கலாம். மாட்டுத் தோலில் செய்த ஷூவுக்கு ஏற்றுமதி விருது கொடுக்கும் அரசு, அதே மாட்டின் கறி வேகும் அண்டாவைப் பார்த்துக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சம் யாரைப் பார்த்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

கடைத் தெரு இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. பீஃப் கடைக்குப் பலகை தனி, பாத்திரம் தனி, அடுப்பு தனி. வேண்டியவர் போகிறார், வேண்டாதவர் அடுத்த கடைக்குப் போகிறார். இரண்டு கடைக்காரர்களும் ஒரே மண்டியில் சீரகச் சம்பா வாங்குகிறார்கள். ஒருவர் விற்பதால் இன்னொருவரின் கடவுள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சந்தை ஒன்றும் புனிதர்கள் மடமல்ல. பீஃப் கடைகள் பிரதான சாலையை விட்டுச் சந்துகளுக்குள் ஒதுங்கியிருப்பதும், அங்கே வாங்கியதைப் பொட்டலத்துக்குள் பொட்டலமாகச் சுற்றி எடுத்துப்போவதும் இங்கே நடக்கிறது. இருந்தாலும் சந்தை யாரையும் இல்லை என்று சொல்வதில்லை. மேடை சொல்லிவிட்டது.

ஆகவே இன்னொரு பிரியாணித் திருவிழாவுக்கு யாராவது திட்டமிட்டால், புதிதாக யோசிக்க அதிகம் இல்லை. பக்கத்துத் தெருவைப் பார்த்து எழுதினால் போதும். என்ன கறி என்று கொட்டை எழுத்தில் பலகை. ஆளுக்கொரு அடுப்பு, தனித்தனிப் பாத்திரம், சைவத்துக்கும் தனி அரங்கு. இலவம்பாடி விவசாயிக்கு ஒரு கடை, ஆற்காடு மக்கன் பேடாவுக்கு ஒரு கடை, ஆடிக்கூழ் ஊற்றும் பெண்களுக்கு ஒன்று, காந்தி ரோட்டு வங்காள மெஸ்ஸுக்கும் ஒன்று. நுழைவாயிலில் பாலாற்று நீரின் பரிசோதனை முடிவையும் ஒட்டி வைக்கலாம், சாப்பிடுபவர்கள் படிக்கட்டும். யார் எந்தக் கடைக்குப் போகிறார் என்பதை அவரவர் நாக்குக்கும் நம்பிக்கைக்கும் விட்டுவிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்துவதோடு அரசு நின்றுகொண்டால் வேலை முடிந்தது. பொய்கையிலும் ஒடுகத்தூரிலும் வாராவாரம் நடப்பது அதுதான்.